வாசிக்காமல் எரித்த கட்டுரை

ஏறாவூரில் றமீஸா டீச்சரின் அடுப்படிக் கூரைக்கு மேலே மூன்று வருடமாக ஒரு புகை நிற்கிறது. கச்சான் காற்று அதைக் கலைக்கவில்லை, மார்கழி மழை அதைக் கரைக்கவில்லை. ஒரு வலையை உலரப் போட்டால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவுதான் அதன் அகலம்; நிறம் நீலம் கலந்த சாம்பல். வாவியில் இறாலுக்குப் போகிறவர்கள் கரை திரும்பும்போது அதைப் பார்த்துத்தான் தோணியைத் திருப்புகிறார்கள். பாசிக்குடாவில் தங்குகிற வெள்ளைக்காரர்களை ஓட்டோக்காரர்கள் கொண்டுவந்து தெருவில் நிறுத்திக் காட்டுகிறார்கள். அவர்கள் படம் எடுக்கிறார்கள், படத்தில் கூரை மட்டும் விழுகிறது. அது ஒரு கட்டுரையை எரித்ததில் எழுந்த புகை. கட்டுரையை எழுதியவள் ஸாதியா என்ற தரம் பத்துப் பிள்ளை. எரித்தவர் அந்த வீட்டுக்காரரான றமீஸா டீச்சர்.

டீச்சர் இருபது வருடத்துக்கு மேலாகத் தமிழ் படிப்பித்தவர். அவர் கையால் எண்பது புள்ளி வாங்கிய பிள்ளையை ஊரில் விரல் விட்டு எண்ணலாம். படிக்கிற காலத்தில் அகில இலங்கைக் கட்டுரைப் போட்டி ஒன்றில் அவர் முதலிடம் பெற்றிருந்தார். அந்தக் கட்டுரை கண்ணாடிச் சட்டமிட்டுப் பாடசாலை அதிபரின் அறைச் சுவரில் தொங்கியது, புதிதாக வருகிற ஆசிரியர்கள் எல்லோருக்கும் அது காட்டப்பட்டது. கேட்டால் கட்டுரை எழுதித் தருகிற போன்கள் ஊருக்குள் வந்தபோது டீச்சருக்கு வந்த ஆத்திரம் சின்ன ஆத்திரம் அல்ல. தன் வளவுக்குள் யாரோ இரவோடிரவாக வேலி போட்டுவிட்டதுபோல அவர் அதை எடுத்துக்கொண்டார். முதல் வரியிலேயே மெசினைப் பிடித்துவிடுவேன் என்று ஆசிரியர் அறையில் சொன்னார். அவர் சொன்னதை ஒருவரும் சோதித்துப் பார்க்கவில்லை, பயம்.

சோதித்தது மட்டக்களப்பில் நடந்த ஒருநாள் பயிற்சியில். வெளியூரிலிருந்து வந்த ஒரு இளம் பயிற்றுநர் பெயரில்லாத கட்டுரைகளைக் கொடுத்து, புள்ளி போடுங்கள், பிறகு இது பிள்ளை எழுதியதா மெசின் எழுதியதா என்று பக்கத்தில் எழுதுங்கள் என்றார். டீச்சர்தான் எல்லோருக்கும் முதல் முடித்தார். பகல் சாப்பாட்டுக்கு முன்பு முடிவு சொல்லப்பட்டது. மண்டபத்தில் இருந்த ஆசிரியர்கள் மெசினுக்குப் பிள்ளைகளை விடக் கூடுதலான புள்ளி போட்டிருந்தார்கள். மெசின் என்று குற்றம் சாட்டப்பட்ட கட்டுரைகளில் பாதிக்கு மேல் பிள்ளைகள் எழுதியவை. தங்கள் தீர்ப்பு நிச்சயம் என்று எழுதியவர்கள்தான் கூடுதலாகப் பிழைத்திருந்தார்கள். மண்டபம் சூடாகிவிட்டது. காத்தான்குடியிலிருந்து வந்த ஒருவர் தாளைக் கசக்கி மேசையில் எறிந்தார். றமீஸா டீச்சர் எழும்பி, "தாள் மாறியிரிக்கி" என்றார். அது எல்லோருக்கும் பிடித்த விளக்கமாக இருந்தபடியால் யாரும் மறுத்துப் பேசவில்லை. பயிற்றுநருடைய வணக்கத்துக்குப் பதில் சொல்லாமல் புரியாணியைச் சாப்பிட்டுவிட்டு வான் வண்டிகளில் ஏறிப் போனார்கள். அன்றைக்குப் பிறகு டீச்சர் முன்னை விடக் கடுமையானார். பிள்ளைகளின் கொப்பிகளை அவர் திருத்தவில்லை, விசாரித்தார்.

அந்த வருடம் கல்வி வலய மட்டக் கட்டுரைப் போட்டிக்குத் தலைப்பு 'மறக்க முடியாத ஒரு நாள்' என்று வந்தது. வகுப்பில் எல்லோரும் வீட்டிலிருந்து எழுதி வர வேண்டும், ஒன்றை டீச்சர் தெரிந்தெடுத்து அனுப்புவார். இஷாம் என்ற பையனின் கட்டுரை அவருக்கு மிகவும் பிடித்தது. அவன் தன் வாப்பாவின் வாப்பாவான மூத்தாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாவிக்கரையில் நின்று சூரியன் வாவிக்குள்ளிருந்து எழுவதைப் பார்த்த நாளைப் பற்றி எழுதியிருந்தான். ஏறாவூரில் சூரியன் கடல் பக்கம் எழும்பி வாவிப் பக்கம் விழுகிறது. இஷாமின் மூத்தாப்பா இஷாம் பிறக்கும் முன்பே மௌத்தாகி அடங்கியிருந்தார். வசனங்கள் அவ்வளவு வழுவழுப்பாக இருந்தபடியால் இந்த இரண்டிலும் டீச்சரின் பேனை தட்டுப்படவில்லை. அவன் சோறு தின்னும் நேரத்தில் போன் அதை எழுதி முடித்திருந்தது.

ஸாதியா கடைசி வாங்கு வரிசையில் இருக்கிறவள். கேட்டால் மட்டும் பேசுவாள், அதுவும் ஓமும் இல்லையும். போன தவணைப் பரீட்சையில் அவளுக்கு நாற்பது புள்ளி கூட வரவில்லை. அவளுடைய கட்டுரை அவளுடைய உம்மா குவைத்துக்கு வேலைக்குப் போன நாளைப் பற்றியது. முதல் தாளின் நடுவில் இப்படி இருந்தது: 'உம்மா பவுடர் பூசினார். அழுத முகத்தில் பவுடர் நிற்காது என்பதை அன்றைக்குத்தான் அவரும் கண்டுகொண்டார்.' டீச்சர் அந்த இடத்தில் நிறுத்தினார். தாளைப் படம் பிடித்து, மெசின் எழுத்தைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லுகிற ஒரு இணையப் பக்கத்தில் போட்டார். பெரும்பாலும் மெசின் என்று அது சொன்னது. அந்தப் பக்கமும் ஒரு மெசின்தான் என்பது அவருக்கு உறைக்கவில்லை. தீர்ப்பு முடிந்த பிறகு மிச்சத்தை வாசிப்பது வீண்வேலை என்று இரண்டாவது தாளைத் திருப்பாமலே மூடிவிட்டார்.

மறுநாள் வகுப்பில் அவளை எழுப்பினார்.

"இது ஆர் எழுதின?"

"நான்தான் டீச்சர்."

"போன் எழுதினதா, நீ எழுதினியா?"

"நான்."

"பவுடர் நிக்காது எண்டு எழுத ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"பாத்த டீச்சர்."

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிப்பை நிறுத்தவில்லை. "போன் புடிக்கிற கை பொய்யும் சொல்லும்" என்று சொல்லிவிட்டு, சந்தேகப்பட்ட கட்டுரைகளைத் தனியே கட்டினார். எல்லோருக்கும் படிப்பினையாக இருக்கட்டும் என்று தரம் பத்து முழுவதையும் பாடசாலைப் பின்வளவில் நிறுத்தி, குப்பை எரிக்கிற அரைப் பீப்பாவில் ஒவ்வொன்றாகப் போட்டுக் கொளுத்தினார். முதல் வந்தவை சும்மா எரிந்தன. சுவாலை வந்தது, சாம்பல் வந்தது, புகை என்று ஒரு நூல்கூட எழவில்லை. அவற்றை எழுதியவர்கள் உண்மையில் போனைக் கேட்டுத்தான் எழுதியிருந்தார்கள், ஆகவே தங்களுக்குள் கிள்ளிக்கொண்டு நின்றார்கள். கடைசியாக ஸாதியாவின் கட்டுரை விழுந்தது. நெருப்பு அதைப் பிடிக்க யோசித்தது. பிறகு தாள் ஓரத்திலிருந்து கறுத்து வந்து, அந்த மெல்லிய இரண்டு தாளிலிருந்து ஒரு வைக்கோல் பட்டடையே எரிகிற அளவு புகை எழும்பியது. வேப்ப மர உயரத்துக்குப் போய் அங்கேயே நின்றது. ஸாதியா கையைத் தொங்கப் போட்டபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அழவில்லை.

பாடசாலை விட்டு டீச்சர் ஸ்கூட்டியை எடுத்தபோது புகையும் புறப்பட்டது. பிரதான வீதியில் அவர் லொறிக்கு வழிவிட்டு நின்றபோது அதுவும் நின்றது. கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். வட்டிலப்பம் விற்கிறவர் தட்டை மூடினார். வீட்டுக்கு வந்ததும் அது அடுப்படிக் கூரைக்கு மேலே இறங்கித் தங்கியது. ஹாட்வெயார் கடை வைத்திருக்கிற அவருடைய புருசன் இன்ஷாப் ஈரச் சாக்கோடு கூரையில் ஏறி அடித்துப் பார்த்தார். இருமிக்கொண்டு இறங்கியபோது சட்டையில் முகப்பவுடர் மணத்தது. "இது அடுப்புப் புகை இல்ல றமீஸா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

ஸாதியாவின் வாப்பா பக்கீர் மோட்டார் சைக்கிளில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாக மீன் விற்கிறவர். கோபக்காரர், யோசனை பிந்தித்தான் வரும். அவருக்குத் தெரிந்த ஒரு விசயம் பாடசாலையில் ஒருவருக்கும் தெரியாது. உம்மா குவைத்துக்குப் போன நாள் தொடங்கி ஸாதியா ஒவ்வொரு நாளும் பின்னேரம் அவருக்குப் போனில் குரலாகப் பேசி அனுப்புவாள். நீளமாக வாசிக்க அவளைப் பெற்ற ஆயிஷா உம்மாவுக்கு வராது. ஆகவே எல்லாத்தையும் சொல்லு, ஒண்டையும் விடாதே, வாவித் தண்ணி இண்டைக்கு என்ன நிறம், பூனை எங்க படுத்த, எல்லாம் சொல்லு என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஏழு வருடமாக அந்தப் பிள்ளை ஒரு நாளை எப்படிச் சொல்ல வேண்டும் என்று பழகிக்கொண்டிருந்தது. உம்மா அங்கே அரபி வீட்டு உடுப்புகளை அயன் பண்ணிக்கொண்டு கேட்பார். வகுப்பில் பேச அவளிடம் மிச்சம் இல்லாமல் போனதன் காரணம் இதுதான்.

பக்கீர் மகளுடைய போனை அவளைக் கேட்காமல் எடுத்தார். டீச்சரின் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, மீன் விலை கூவுகிற ஒலிபெருக்கியில் அந்தக் குரல்களைப் போட்டார். தெரு முழுக்கக் கேட்டது. காய்ச்சலில் கண்ட கனவு, முதன்முதல் இரத்தம் வந்த நாள், வாப்பா சோற்றுப் பானையை உதைத்த நாள் எல்லாம் வந்தன. தன்னுடைய பேரும் வருவதைக் கேட்டுத்தான் பக்கீர் நிறுத்தினார். "இந்தப் புள்ளைக்கா வசனம் வராது எண்டீங்க?" என்று மதிலுக்கு மேலால் கத்தினார். டீச்சர் ஜன்னலைச் சாத்தினார். அன்றைக்குப் பின்னேரம் ஸாதியா உம்மாவுக்கு ஒன்றும் அனுப்பவில்லை. அதற்குப் பிறகும் அனுப்பவில்லை. தன்னைக் காப்பாற்ற வந்த வாப்பாவை அவள் டீச்சரை விடக் கூடுதலாக வெறுத்தாள்.

ஊர் இரண்டு பட்டது. டீச்சரின் கூரைக்குக் கல் விழுந்தது. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் அவசரக் கூட்டம் வைத்தது. அதற்குள் இஷாமின் கட்டுரை வலய மட்டத்தில் முதலிடம் பெற்றுத் திரும்பியிருந்தது. அதையும் எரித்துப் பார்க்கலாம் என்று பக்கீர் சொன்னார். இஷாமின் வாப்பா, தாராளமாக எரியுங்கள், என் மகன் பொய் சொல்ல மாட்டான் என்றார். எரித்தார்கள். அது கண்ணாடித்தாள் போல ஒரு நொடியில் எரிந்தது, மேலே வானம் துப்புரவாக இருந்தது. இஷாம் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றான். வாப்பா அவனுக்கு அந்த இடத்திலேயே அறைந்தார், பிறகு அதிபரைப் பார்த்து, "இதுக்கு முதல் பரிசு தந்த ஆக்களுக்கு ஆர் அறையிற?" என்று கேட்டார்.

பதில் சொல்ல வேண்டியவர் றமீஸா டீச்சர். அவர் எழும்பி நேரே அதிபரின் அறைக்குப் போய், சட்டத்திலிருந்த தன்னுடைய கட்டுரையைக் கழற்றிக்கொண்டு வந்தார். மனிசன் எழுதினால் எப்படிப் புகையும் என்று காட்டுகிறேன், பிறகு என்னோடு பேசுங்கள் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதைத் தன் கையால் எழுதியவர், ஒரு வரி கூடத் திருடாதவர். நடுவர்கள் எதை விரும்புவார்கள் என்று யோசித்து, அவர்கள் விரும்பும்படியாக ஒவ்வொரு சொல்லையும் தேர்ந்து எழுதியவர். தாள் பழையது, நன்றாகப் பிடித்தது. புகை வரவில்லை. சாம்பல் விழுந்த பிறகும் டீச்சர் மேலே பார்த்தபடி காத்திருந்தார். "அது நான் எழுதின" என்றார். யாரும் மறுக்கவில்லை. கதிரைகளை எடுத்து அடுக்கிவிட்டு மெதுவாகக் கலைந்து போனார்கள், சிலர் போகிற வழியில் அவரைப் பார்த்துச் சலாம் கூடச் சொன்னார்கள்.

அதன் பிறகு கொஞ்ச நாள் ஊரில் எரிக்கிற பைத்தியம் பிடித்தது. பாடக் குறிப்புகள் எரிந்தன, வாழ்த்து மடல்கள் எரிந்தன, தேர்தல் துண்டுப்பிரசுரம் ஒன்று எரிந்தது. ஒன்றிலும் புகை இல்லை. தரம் ஆறு படிக்கிற பொடியன் ஒருவன் வயிற்றுவலி என்று பொய் சொல்லி, எழுத்துப் பிழையோடு எழுதிய லீவுக் கடிதம் மட்டும் பக்கத்து வகுப்பையே இரும வைத்தது. கடைசியில் ஒரு தாய், தன் மகன் பாடசாலையில் கொடுக்க வேண்டிய ஒப்படை அவனே எழுதியதா என்று எரித்துப் பார்த்தார். நல்ல தடித்த புகை வந்தது. தாய் சந்தோசப்பட்டார். மறுநாள் கொடுக்க அவனிடம் ஒப்படை இல்லை, பூச்சியம் போட்டார்கள். அத்தோடு ஊர் எரிப்பதை விட்டது.

டீச்சர் ஸாதியாவின் வீட்டுக்குப் போனார். மன்னிப்புக் கேட்கத்தான் போகிறேன் என்று அவர் நினைத்திருந்தார். வாசலுக்கு வரும்போது அது வேறாகிவிட்டிருந்தது.

"மகள், அந்தக் கட்டுரைய இன்னொருக்கா எழுதித் தா. நான் மேல அனுப்புறன்."

"எழுத மாட்டன் டீச்சர்."

"ஏன்? ஒன்ட நன்மைக்குத்தானே சொல்றன்."

"முதல் எழுதினத்த நீங்க முழுசா வாசிக்கல்ல."

"வாசிச்சன்."

"ரெண்டாவது தாள்ல என்ன இரிந்த?"

டீச்சர் கைப்பையைத் திறந்தார், மூடினார். அவர் பையை மூடும் வரை ஸாதியா மரியாதையாகக் காத்து நின்றாள். பிறகு, "வாப்பா வாற நேரம். நீங்க போனா நல்லம்" என்று கதவைச் சாத்தினாள். சாதாரண தரப் பரீட்சையில் கேட்கப்பட்ட கேள்விக்குக் கேட்ட அளவு மட்டும் எழுதி அவள் சித்தியடைந்தாள். உயர்தரத்துக்கு வணிகம் எடுத்தாள். அவளுடைய விடைத்தாள்களை யாரும் சந்தேகிக்கவில்லை. அவை புத்தகத்தில் இருப்பதுபோலவே இருந்தன.

புகை போகவில்லை. மேலிடத்திலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்து, அடுப்படிக்குப் புகைபோக்கி கட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அயலவர்கள் உலரப் போட்ட உடுப்பில் புகை மணக்கிறது என்று டீச்சரோடு சண்டை பிடித்தார்கள்; பல வீடுகளோடு இன்றும் பேச்சு வார்த்தை இல்லை. அவர் இடமாற்றம் கேட்டார். புகையும் கூட வரும் என்பதால் எந்தப் பாடசாலையும் ஏற்கவில்லை. முதல் வருடம் முழுவதும் அது பவுடராகவும் புதுப் பெட்டியின் ரெக்சீனாகவும் மணத்தது. அவ்வளவும் முதல் தாளில் இருந்தவை, டீச்சருக்குத் தெரியும். பிறகு ஒரு காலை அவர் தேயிலை போட வந்தபோது மணம் மாறியிருந்தது. அவர் வாசிக்காத இடம் தொடங்கிவிட்டது. சில கிழமை வான் டீசல் மணத்தது. சில கிழமை சுடாத ரொட்டி மா. பிறகு வாவிக்கரைச் சேறு, கண்டல் மர வேர்களுக்கிடையில் தண்ணீர் வற்றும்போது வருகிற கறுத்த சேறு, மாதக் கணக்கில் அது மட்டுமே. குவைத்துக்குப் பயணம் போகிற ஒரு தாயின் கதையில் சேற்றுக்கு என்ன வேலை என்று அவருக்கு விளங்கவில்லை. அந்த மணங்களை வைத்து மிச்சத்தை எழுதிப் பார்க்க அவர் பேனையும் தாளும் எடுத்து அடுப்படியில் இருந்தார், ஒரு வரியும் வரவில்லை. கேட்கப் போக ஒரு வாசலும் அவருக்குத் திறந்திருக்கவில்லை.

இந்த வருடம் நோன்புக்கு முன்பு ஆயிஷா உம்மா குவைத்திலிருந்து வந்துவிட்டார். மகள் பேசுவதை நிறுத்திய பிறகு அந்த வீட்டில் அவரால் அயன் பண்ண முடியவில்லை, உடுப்புகள் எரிந்தன, ஒப்பந்தம் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். ஸாதியா அவரோடு ஓமும் இல்லையும் பேசினாள். ஒரு பின்னேரம் அவர் டீச்சர் வீட்டுத் தெருவால் நடந்து வந்தார், புகைக்குக் கீழே வந்ததும் நின்றார். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் மூச்சு இழுத்தார். டீச்சர் அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தார், அடித்தாலும் பரவாயில்லை என்று வெளியே வந்தார்.

"எயாபோட்டுல அந்த ஒபிசர் என்ட பாஸ்போட்ட மூக்குக்கிட்ட வெச்சுப் பாத்தான்" என்றார் ஆயிஷா உம்மா, டீச்சரைப் பார்க்காமல். "சேறு மணத்த. பெட்டிக்குள்ள தண்ணி பட்டெண்டு நான் நெனச்ச. பத்து வருசம் அத எடுக்கக்குள்ள எல்லாம் இந்த மணம்தான்."

டீச்சர் மதிலுக்குக் கிட்ட வந்தார். ஆயிஷா உம்மா தொடர்ந்தார்.

"அண்டைக்கு எயாபோட்டுக்குப் போற வான் வந்து நிண்ட பொறகு பாஸ்போட்டக் காணல்ல. வீடெல்லாம் தேடின. பாத்தா பெட்டிக்குள்ளதான் இரிந்த. இப்பதான் வெளங்குது, நான் போகாம இரிக்க அவள்தான் கண்டலுக்குள்ள கொண்டு ஒளிச்சிரிக்காள். மறுகா அவளே எடுத்துக் கொண்டுவந்து வெச்சிரிக்காள். அப்ப அவளுக்கு எட்டு வயசு."

"நீங்க அவக்கிட்டக் கேட்டா சொல்லுவா" என்றார் டீச்சர்.

"கேக்க மாட்டன். அவ்வளவு நாளும் பேசினவள், எனக்கு இத மட்டும் சொல்லல்ல." ஆயிஷா உம்மா முதன்முறையாக அவரை நேரே பார்த்தார். "ஒங்களுக்குத்தான் எழுதித் தந்தாள்."

டீச்சர் உள்ளே போய் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில், புகைக்கு நேர் கீழே வைத்தார். ஆயிஷா உம்மா அதைப் பார்த்தார், பிறகு மதிலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றபடியே மேலே முகத்தைத் தூக்கினார். இப்போது அவர் கிழமைக்கு இரண்டு மூன்று தரம் வருகிறார். சேறு முடிந்து சில நாளாகத் தலை துவட்டிய ஈரத் துவாயின் மணம் வருகிறது. அது என்ன என்று டீச்சர் கேட்பதில்லை, அவர் சொல்வதும் இல்லை. பக்கத்து வளவில் மேல்மாடி கட்டியவர்கள் அந்தப் பக்கம் புகைக்கு இடம் விட்டுத்தான் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். கதிரை வாசலிலேயே கிடக்கிறது. ஆயிஷா உம்மா இதுவரை அதில் உட்காரவில்லை.